சம்ப்புக்கு எத்தனை கரண்டி பிளீச்சிங் பவுடர்?

கேள்வி: எங்கள் வீடு சென்னையை ஒட்டிய முடிச்சூரில். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறி, சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) முழுக்கச் சாக்கடை கலந்துவிட்டது. போன வருடம் என் கணவர் முன்ஜாக்கிரதையாக ஐந்து கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் நாத்தனாரோ, "ஒரு காலன் தண்ணீருக்கு எட்டு சொட்டு பிளீச் விட்டால் குடிக்கலாம்" என்று ஒரு குறிப்பு அனுப்பினார். எங்களிடம் இருப்பது பொடி. சொட்டுக் கணக்கு இதற்குப் பொருந்துமா? இதைப் போட்டுத் தண்ணீர் குடிக்கலாமா? சம்ப்புக்கு எவ்வளவு போடுவது? வீட்டில் எட்டு மாதக் குழந்தையும் சர்க்கரை நோயுள்ள மாமியாரும் இருக்கிறார்கள்.

பதில் (ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்):

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். முதலில் அந்த மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். உலர்ந்த வெள்ளைப் பொடியாக, கையில் எடுத்தால் உதிர்ந்து, மூக்கைத் துளைக்கும் நெடியோடு இருந்தால் உயிர் இருக்கிறது. கட்டி கட்டியாக, ஈரம் கோத்து, சுண்ணாம்பு வாசனை மட்டும் வந்தால் அது ஏறக்குறைய சுண்ணாம்புதான். அதை நம்பி யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் படிக்கட்டுக்கடியில் கழித்த மூட்டை இரண்டாவது வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிளீச்சிங் பவுடரில் வேலை செய்வது அதிலிருக்கும் குளோரின் மட்டும்தான். ஆலையிலிருந்து புதிதாக வரும்போது எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். காற்று, வெளிச்சம், ஈரம், சூடு இந்த நான்கும் பட்டால் அது கசிந்து போய்க்கொண்டே இருக்கும். சென்னையில் இந்த நான்குக்கும் பஞ்சமில்லை. அதனால்தான் எங்கள் கணக்குகள் எல்லாம் 25 சதவீதம் என்று குறைத்து வைத்துக்கொண்டே தொடங்கும். கடையில் பிரித்த மூட்டையிலிருந்து பாலிதீன் பையில் அள்ளிக் கட்டிக் கொடுப்பதில் அந்த 25-ம் இருக்குமா என்பது சந்தேகம்.

இப்போது உங்கள் நாத்தனாரின் எட்டு சொட்டு. அவர் சொன்னது தவறில்லை, அது அந்த ஊர்ச் சரக்குக்கான கணக்கு. அங்கே துணி வெளுக்க வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் திரவத்தில் 6 சதவீதம் போல சோடியம் ஹைப்போகுளோரைட் இருந்தால் பொருந்தும் கணக்கு அது. அவர்களின் காலன் மூன்றே முக்கால் லிட்டர் சொச்சம். ஆக லிட்டருக்கு இரண்டு சொட்டு. இங்கேயும் அந்தத் திரவம் கிடைக்கிறது. கொரோனா நாட்களில் தெருத் தெருவாக அடித்தார்களே, 'ஹைப்போ' என்று துப்புரவுப் பணியாளர்கள் சொல்வார்களே, அதுதான். ஆனால் கடையில் 5 சதவீதமும் கிடைக்கும், 10 சதவீதமும் கிடைக்கும், எந்த விவரமும் ஒட்டாத வெள்ளை கேனிலும் கிடைக்கும். சதவீதம் தெரியாத திரவத்துக்குச் சொட்டுக் கணக்கு சொல்ல யாராலும் முடியாது. வாசனை சேர்த்தது, கெட்டியாகக் கொழகொழவென்று இருப்பது, வண்ணத்துணிக்கு என்று விற்பது, இவை எதுவும் குடிதண்ணீருக்கு ஆகாது. நல்ல ஹைப்போவும் வெயில் ஊரில் சில மாதங்களில் வலுவிழந்துவிடும்.

சரி, பொடிக்கு வருவோம். பொடியை அப்படியே குடத்தில் தூவக் கூடாது. பல வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு சிட்டிகை போட்டால் ஒரு மூலையில் கரையாமல் கிடக்கும், அடியில் சுண்ணாம்பு படியும், முதலில் மொள்பவருக்கு நெடி, கடைசியில் மொள்பவருக்குக் கலங்கல். முதலில் கரைசல் தயாரித்துக்கொள்ளுங்கள். புதிய பொடி 40 கிராம் எடுங்கள். தராசு இல்லாவிட்டால் மட்டமாக வழித்த மூன்று மேசைக்கரண்டி ஏறக்குறைய அந்த எடை வரும். பிளாஸ்டிக் வாளியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேர்த்து மரக்குச்சியால் கலக்குங்கள். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அரித்துவிடும். திறந்த இடத்தில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கையுறையோடு செய்யுங்கள். அரை மணி நேரம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிவான நீரை மட்டும் ஒரு பிளாஸ்டிக் புட்டியில் இறுத்துக்கொள்ளுங்கள். இதுதான் 1 சதவீதக் குளோரின் கரைசல். புட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'விஷம், குடிக்காதே' என்று எழுதி, வெளிச்சம் படாமல், குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குளிர்பானப் புட்டியில் மட்டும் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். வெள்ள நேரத்தில் இருட்டில் தாகத்தோடு வருபவர் புட்டியின் உருவத்தைத்தான் பார்ப்பார்.

கேன் தண்ணீர் வரும் 20 லிட்டர் கேன் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். தெளிந்த தண்ணீராக இருந்தால் கேனுக்கு இந்தக் கரைசல் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. இலேசாக நிறம் மாறியிருந்தால் இரண்டு டீஸ்பூன். குழந்தைக்கு சிரப் கொடுக்கும் சிரிஞ்ச் போல ஒன்றை மருந்துக்கடையில் வாங்கி இதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டால் சொட்டு எண்ணும் தொல்லை இல்லை. 5 சதவீத ஹைப்போ கையில் இருந்து, அது புதியது என்றும் தெரிந்தால், அதே தெளிந்த கேனுக்கு 1 மில்லி, கலங்கலுக்கு 2 மில்லி போதும். நன்றாகக் குலுக்கி மூடி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு திறந்து முகர்ந்தால் இலேசாகக் குளோரின் வாசனை வர வேண்டும். வரவில்லையென்றால் போட்டதையெல்லாம் அழுக்கு தின்றுவிட்டது என்று பொருள். இன்னொரு முறை அதே அளவு போட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். அப்போதும் வாசனை இல்லாவிட்டால் தண்ணீரோ பொடியோ, இரண்டில் ஒன்று சரியில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள்.

கலங்கல் என்றேனே, இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். சேறு கலந்த தண்ணீரில் குளோரின் முதலில் சேற்றோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். கிருமிக்கு மிஞ்சாது. அதனால் முதலில் தெளிய வையுங்கள். அசையாமல் சில மணி நேரம் வைத்து மேல் தண்ணீரை இறுத்து, பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து வடிகட்டினாலே பாதி வேலை முடியும். படிகாரத் துண்டை நாலைந்து சுற்று சுழற்றிவிட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் தெளியும். நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். அதுவும் இந்த வேலையைத்தான் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. ஆனால் படிகாரமும் தேற்றாங்கொட்டையும் மண்ணைத்தான் இறக்கும், கிருமியைக் கொல்லாது. கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது என்று அப்படியே குடித்து வயிற்றுப்போக்கோடு வந்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, பெட்ரோல், டீசல், எண்ணெய் கலந்த தண்ணீருக்கு எத்தனை கரண்டி போட்டும் பயனில்லை. மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததே, அந்த மாதிரித் தண்ணீரைக் காய்ச்சினாலும் குடிக்க முடியாது. உங்கள் தெருவில் மூழ்கிய கார்களும் பைக்குகளும் நின்றிருந்தால், தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தச் சம்ப் தண்ணீர் தரை கழுவக்கூட யோசனைதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், கேஸ் அடுப்பு எரிகிற வீட்டில் குடிக்கிற தண்ணீருக்கு என் முதல் ஓட்டு காய்ச்சுவதற்குத்தான். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும். குளோரினுக்கு அடங்காத சில ஒட்டுண்ணிகள்கூடக் கொதியில் சாகும். ஆனால் வெள்ள நேரத்தில் சிலிண்டர் எப்போது வரும் என்று தெரியாது. ஐந்து பேருக்கான தண்ணீர் முழுவதையும் காய்ச்சினால் சமையலுக்கு கேஸ் மிஞ்சாது. காய்ச்சிய தண்ணீரில் ஒரு கை பட்ட சொம்பு விழுந்தால் கதை மறுபடி தொடங்கிவிடும். குளோரின் போட்ட தண்ணீரில் அப்படி இல்லை, மிச்சமிருக்கும் குளோரின் சில மணி நேரம் காவல் நிற்கும். அதனால் குடிக்க மட்டும் காய்ச்சுங்கள். பல் துலக்க, காய்கறி கழுவ, பாத்திரம் அலச குளோரின் தண்ணீர். கேஸ் தீர்ந்த அன்று குடிக்கவும் அதுவே. குழாய் வைத்த குடமோ டிரம்மோ இருந்தால் கைவிட்டு மொள்ளும் வழக்கமே ஒழியும்.

அடுத்தது சம்ப். இங்கேதான் பொடியைக் கையள்ளிப் போடுகிறார்கள். சம்ப்பில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் அளவு வேறு. லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வந்து சம்ப் நல்லபடியாகவே இருந்து, அதைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள மட்டும் வேண்டுமென்றால், வழக்கமான கணக்கு 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம். வெள்ளக் காலத்தில் அதை இரட்டிப்பாக்கி 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6000 லிட்டர் சம்ப்புக்கு 30 கிராம்தான். இதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று இன்னொரு பிடி போடத் தோன்றும். போடாதீர்கள். இதையும் வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். பிறகு மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. சாதாரண நாளில் குழாயில் 0.2 இருந்தாலே தரக் குறியீட்டின்படி போதும். இதைப் பார்க்கத்தான் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர்களிடம் குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி இருக்கும். தண்ணீரில் மருந்து விட்டால் மஞ்சளாகும், நிறத்தை வைத்து அளவு சொல்லலாம். நீச்சல்குளச் சாமான் விற்கும் கடைகளிலும் மீன்தொட்டிக் கடைகளிலும் இது போன்ற சோதனைப் பட்டைகள் கிடைக்கும். ஐந்து கிலோ பொடி வாங்கிய காசில் ஒரு டப்பா பட்டையும் அரைக்கிலோ புதுப் பொடியும் வாங்கியிருந்தால் உங்கள் வீடு இதைவிட நன்றாகவே தயாராக இருந்திருக்கும். உங்கள் கணவரிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கோபம் என் மேல் வரட்டும்.

சாக்கடை புகுந்த சம்ப்புக்கு வேலை பெரிது. முழுக்க இறைத்து, சேற்றை அள்ளி, சுவரையும் தரையையும் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, அந்தக் கழுவலையும் வெளியேற்ற வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீரால் நிரப்பி 1000 லிட்டருக்கு 200 கிராம் பொடி என்ற கணக்கில் கரைத்த தெளிவை ஊற்றி ஒரு நாள் முழுக்க விட வேண்டும். அந்தத் தண்ணீர் குடிக்க அல்ல. முழுவதையும் வெளியேற்றி, ஒரு முறை அலசி, பிறகே புழக்கத்துக்கு. அது சம்ப்பில் கிடக்கும் நேரத்தில் மோட்டாரை ஒரு முறை போட்டு மேல்தொட்டிக்கும் குழாய்களுக்கும் கொஞ்சம் ஏற்றிவிட்டால் அவையும் சுத்தமாகும். ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் போகும் குழாயை மட்டும் அடைத்துவிடுங்கள், இத்தனை குளோரின் பட்டால் அதன் மெம்பரேன் என்ற வடிகட்டும் சவ்வு போய்விடும்.

ஆனால் சம்ப்புக்குள் இறங்குவது யார்? இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகவே சொல்கிறேன். மூடிக்கிடந்த சம்ப்பில், அதிலும் அழுகல் சேறு கிடக்கும் சம்ப்பில், மூச்சுக்கான காற்று இல்லாமல் போகும். தண்ணீர்த் தொட்டிதானே என்று ஒருவர் இறங்கி மயங்க, அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி அவரும் மயங்குவது நம் ஊரில் அடிக்கடி செய்தியாகிறது. மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட வேண்டும். தண்ணீரும் சேறும் வெளியேறும்வரை மேலிருந்தே வேலை பார்க்க வேண்டும். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பழக்கமுள்ள ஆள், இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். டீசல் பம்ப் வைத்தால் அது சம்ப் வாயிலிருந்து தள்ளி நிற்கட்டும், அதன் புகையே ஆளைக் கொல்லும். மின்மோட்டார் நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள். ஆள் உள்ளே இருக்கும்போது குளோரின் கரைசல் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது.

அதே போல ஆசிட். வெள்ளம் வடிந்த வீட்டில் டைல்ஸில் படிந்த சேற்றைப் போக்க முதலில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுவார்கள். கறை போனதும் கிருமிக்காக அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவார்கள். இரண்டும் சேர்ந்த இடத்தில் பச்சை மஞ்சளாகக் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குள் விட்டார்களே, அதே வாயு. கதவு மூடிய கழிப்பறையில் இது விளையாட்டில்லை. டாய்லெட் கிளீனர் என்று விற்பவற்றில் பலவும் ஆசிட்தான். தொண்டை எரிந்து இருமல் வந்தால் அப்படியே போட்டுவிட்டு வெளியே வாருங்கள், கதவைத் திறந்து வையுங்கள், மூச்சுத் திணறினால் 108-ஐக் கூப்பிடுங்கள். பினாயில், டெட்டால், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதனோடும் குளோரினைக் கலக்க வேண்டாம். பொடி மூட்டையை மண்ணெண்ணெய், எண்ணெய் டின்னுக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது, சேர்ந்தால் தீப்பிடிக்கலாம். சிலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பினாயிலையோ டெட்டாலையோ குடிதண்ணீரில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது.

தரை, சுவர், பாத்திரங்களுக்கு அந்த 1 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. முதலில் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு இதைத் துடைத்துப் பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, பாத்திரமானால் அலசிவிடுங்கள். சேற்றின் மேல் பொடியைத் தூவுவது கண்ணுக்கு மட்டும்தான் மருந்து. அமைச்சர் வருகிறார் என்றால் சாலையோரம் வெள்ளைக் கோடு போடுகிறோமே, அதற்கும் நோய்த் தடுப்புக்கும் அதிகச் சம்பந்தமில்லை என்று அந்த வேலையில் இருந்தவன் என்ற முறையில் தைரியமாகச் சொல்வேன். ஆட்கள் மேல் தெளிப்பது அதைவிட மோசம். 2020 கொரோனா நேரத்தில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்களை உட்காரவைத்து மேலே கிருமிநாசினி தெளித்தார்கள், கண் எரிச்சலைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. ஆட்கள் மேல் அடிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகமே அடுத்த மாதம் சொல்ல வேண்டி வந்தது. வெள்ளத்தில் நடந்த காலைச் சோப்பால் கழுவினால் போதும். காலில் புண் இருந்து, பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே போங்கள். மாமியார் விஷயத்தில் இதில் இன்னும் கவனம் வேண்டும், சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் புண் இருப்பதே பல நேரம் தெரியாது.

பொடி வாங்குவதைப் புரட்டாசிக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஐப்பசி அடைமழைக்கு முன். உற்பத்தித் தேதி அச்சிட்ட, ஆலையிலேயே ஒட்டிய அரைக்கிலோ பாக்கெட்டாகப் பாருங்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், முதல் மாடியில், இருட்டான அலமாரியில் வையுங்கள். சமையலறை வேண்டாம். ஆசிட் இருக்கும் அலமாரியும் வேண்டாம். தை பிறந்ததும் மிஞ்சியதை ஆசிட் படாத வாசல் சாக்கடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றிவிட்டு, அடுத்த வருடம் புதிதாக வாங்குங்கள். இப்போது இருக்கும் பழைய மூட்டைக்கும் அதே வழிதான். உள்ளாட்சிப் பணியாளர்களும் மருத்துவ முகாம்களும் குளோரின் மாத்திரை கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொடியைவிட அது சுலபம், எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று அட்டையிலேயே போட்டிருக்கும். விழுங்குகிற மாத்திரை என்று நினைத்துவிடாமல் மாமியாரின் மருந்துப் பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள்.

அதற்கும் முன்னால், சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே நல்ல தண்ணீரைப் பிடித்து மாடியில் ஏற்றிவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு மூன்று நாளுக்கு 75 லிட்டர். நாலு கேன்தான். அந்த நாலு கேன் மேலே இருந்தால், முதல் மூன்று நாள் இந்தக் கடிதத்தில் பாதி உங்களுக்குத் தேவையே படாது.

குழந்தைக்கு மட்டும் தனிக் கணக்கு. பால் பவுடர் கரைக்கவும் கஞ்சி காய்ச்சவும், கேனில் வந்த தண்ணீரானாலும் கொதிக்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். கேஸ் குறைந்தால் கடைசி கேஸ் குழந்தைக்கு என்று ஒதுக்குங்கள். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் வெள்ள நேரத்தில் நிறுத்தாதீர்கள், அதைவிடச் சுத்தமானது அன்று அந்தத் தெருவிலேயே கிடைக்காது. வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டால் ஓ.ஆர்.எஸ். கரைக்கும் தண்ணீரும் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும். பாக்கெட் இரண்டு மூன்றை இப்போதே வாங்கி, பிளீச்சிங் பவுடர் இல்லாத அலமாரியில் வையுங்கள்.